மூன்று மாதச் சராசரி

நடங்க டீச்சர், நடந்தாலே பாதி சரியாயிரும் என்றார் டாக்டர் எட்வின். நடந்துகொண்டுதான் இருக்கிறேன். கதவிலிருந்து சன்னலுக்கு, சன்னலிலிருந்து கரும்பலகைக்கு, அங்கிருந்து மறுபடியும் கதவுக்கு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறைக் கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது என்று விதி எழுதிய புண்ணியவானுக்கும் என்னைப் போலவே சுகர் இருந்திருக்க வேண்டும், தனக்கு வந்த தண்டனையைத் தமிழ்நாடு முழுக்கப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்காரக் கூடாத நாற்காலியை எதற்குப் போட வேண்டும்? விரதம் இருக்கிறவளைக் கூப்பிட்டு இலை போடுகிற கதைதான். அதைப் பார்க்காமல் நடக்கிறேன். இருபது மேசை, பத்தொன்பது குனிந்த தலை, ஒரு பிள்ளை வரவில்லை. இன்றைக்குக் கணக்குப் பரீட்சை. நான் சமூக அறிவியல், பெயர் செண்பகவல்லி, கோவில்பட்டியில் பெண் பிள்ளைகளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள், கோயிலில் அம்மன் பெயரே அதுதானே. சமூக அறிவியல்காரியைக் கணக்குப் பரீட்சைக்குப் போடுவது ஒரு தந்திரம், பிள்ளைகள் கேட்டாலும் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை என் விஷயத்தில் வீண் போகாது. மணி பத்தே முக்கால். பதினோரு மணிக்கு என் ரத்தப் பரிசோதனை முடிவு வாட்ஸ்அப்பில் வரும். போனோ, ஆபீஸ் ரூம் பீரோவுக்குள் அணைந்து கிடக்கிறது, கண்காணிப்பாளர்கள் எல்லோருடைய போனையும் காலையிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பரீட்சை முடிய மத்தியானம் ஒன்றேகால் ஆகும். அதுவரைக்கும் என் தலையெழுத்து எங்கேயோ ஆகாயத்தில் நின்றுகொண்டிருக்கும், நான் இங்கே கதவுக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பேன். ஏழரைக்குக் கீழே வந்தால் இப்போது போடுகிற மாத்திரையே போதும். மேலே போனால் இன்சுலின் ஊசி. எத்தனையோ எண் இருக்க, டாக்டர் ஏழரையைத்தானா எல்லைக்கோடாக வைக்க வேண்டும், சனி பகவானைக் கேட்டுக்கொண்டா வைத்தார் என்று அன்றைக்கே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அன்றைக்குக் கேட்க வேண்டியதையே நான் கேட்கவில்லை. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார், 'இதுல ஏழரைக்கு மேல வந்துச்சுன்னா ஊசிதான் டீச்சர், இனிமே உங்களை நம்ப முடியாது' என்றார். ஊசி என்ற சொல்லுக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சுகர் என்றால் நூறு, இருநூறு என்றுதானே வரும், இதென்ன ஏழரை என்று ஆட்டோவில் வரும்போது ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்துவிட்டு, மறுநாள் ஏழாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு இருந்தது, அதற்குப் போய்விட்டேன். கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுகிற ரகம் என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன். பரிசோதனை வெள்ளிக்கிழமை என்றால் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். விடியுமுன் எழுந்து ரயில்வே மைதானத்தில் நடை, திரும்பி வந்ததும் பாகற்காய்ச் சாறு, ஊற வைத்த வெந்தயம், ஆவாரம்பூ டீ, நாவல்கொட்டைப் பொடி, மத்தியானம் குதிரைவாலிச் சோறு, ராத்திரி ஒரே ஒரு கோதுமைத் தோசை, அதிலும் எண்ணெய் பேருக்குத்தான். ஆசிரியர் ஓய்வறையில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். என் வீட்டுக்காரர் வேலாயுதம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காலையில் பூரி, மத்தியானம் இரண்டு தடவை சோறு, சாயங்காலம் சாத்தூர்க் காராச்சேவு, அவருக்கு சுகர் என்றைக்கும் நூறைத் தாண்டியதில்லை, சாமி ஏன் சில பேருக்கு மட்டும் இப்படி மார்க் போடுகிறதோ. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாகற்காய்ச் சாற்றை விழுங்குவதைப் பார்த்து, 'என்ன செண்பகம், பரீட்சைக்குப் படிக்கியா?' என்று கேட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. போன தடவையும் இப்படித்தான் நாலு நாள் தயாரானேன், பாஸ் ஆனேன். அதற்கு முந்தின தடவையும். வெறும் வயிற்று சுகரை வசப்படுத்துவது எனக்கு அத்துப்படி. இன்றைக்குக் காலையில் லேபுக்குள் போகும்போது முதல் பெஞ்ச் பிள்ளை மாதிரிதான் போனேன். கையை நீட்டினேன். லேப் பெண் ஒரு குழாயில் ரத்தம் எடுத்தாள். முடிந்தது என்று கையை மடக்கப் போனால், 'இருங்க டீச்சர்' என்று ஊதா மூடி போட்ட இன்னொரு குழாயை எடுக்கிறாள். 'இது எதுக்கும்மா?' 'இது மூணு மாசச் சராசரி டீச்சர். ஏழரைன்னு டாக்டர் சொன்னது இதுக்குத்தான்.' 'நான் நாலு நாளா சரியா இருந்தேனேம்மா, அது இதுல தெரியாதா?' 'நாலு நாளுல்லாம் இதுல ஒண்ணும் ஆகாது டீச்சர், மூணு மாசமா என்ன சாப்பிட்டீங்களோ அதைக் காட்டிக் கொடுத்துரும்.' நான் அங்கேயே, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போர்ஷனை மாற்றிப் படித்துவிட்டு வந்திருக்கிறேன்.

டாக்டர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான். காப்பி அடிக்கிற பிள்ளையை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம்? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதில்லை, பரீட்சை அன்றைக்கு மட்டும் தொண்ணூறு வாங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சத்தம் போடாமல் கேள்வித்தாளை மாற்றிவிட்டார் மனுஷன். சரி, இந்த மூன்று மாதம் நான் அப்படி என்னதான் சாப்பிட்டேன்? சன்னலோரம் நின்று யோசிக்கிறேன். பொங்கல் வந்தது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடாமல் இருந்தால் அது எந்தக் கணக்கில் சேர்த்தி? குடியரசு தினத்துக்கு லட்டு, அது தேசப்பற்று. தமிழ் டீச்சர் மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, அறிவியல் டீச்சர் புது ஸ்கூட்டி வாங்கினதற்கு அல்வா, ஓவிய சார் பணி ஓய்வுக்குப் பிரியாணி, அவர் அழுதார், நாங்களும் அழுதோம், அழுதுகொண்டே சாப்பிட்டால் எவ்வளவு போகிறது என்று தெரிவதில்லை. வேண்டாம் சுகர் என்று சொன்னால், 'ஒண்ணே ஒண்ணு டீச்சர், எங்க சந்தோஷத்துக்கு' என்பார்கள். அடுத்தவர் சந்தோஷத்தை எல்லாம் நான்தான் தின்று தீர்த்திருக்கிறேன். அப்புறம் பிள்ளைகளின் பிறந்தநாள். எண்ணூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் யாரும் பிறக்காத நாள் எது? யூனிபார்ம் போடாமல் கலர் டிரஸ்ஸில் ஒரு பிள்ளை மிட்டாய் டப்பாவோடு வகுப்பு வகுப்பாக வரும், 'மிஸ், ரெண்டு எடுத்துக்கோங்க மிஸ்' என்று கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே நிற்கும், வாயில் போடுகிற வரைக்கும் நகராது. ஒருநாள் துணிந்து ஒரு ஆறாம் வகுப்புக்காரியிடம் சொல்லிப் பார்த்தேன், மிஸ்ஸுக்கு சுகரும்மா என்று. 'அப்படியா மிஸ், எங்க தாத்தா அதுலதான் மிஸ் செத்துப்போனாங்க' என்றது, டப்பாவை இன்னும் நீட்டியபடியே. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு தனிக் கதை. பிள்ளைகளுக்குச் சத்துணவு பரிமாறுவதற்கு முன்னால் ஒரு ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும், அது உத்தரவு. மற்றவர்களுக்கு எல்லாம் ஒவ்வொரு காரணம், ஒருவருக்கு அல்சர், ஒருவர் சனிக்கிழமை விரதம், ஒருவர் வீட்டுச் சாப்பாட்டைத் தவிர எதுவும் தொடமாட்டார், ஆக அந்த வேலை என் தலையில்தான் விழும். சாதமும் சாம்பாரும் ஒரு கரண்டி, முட்டை பாதி, உப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிய இன்னொரு கரண்டி. அப்புறம் என் டப்பாவைத் திறந்தால் குதிரைவாலியும் கீரையும். அரசாங்க உத்தரவுப்படி ஒரு சாப்பாடு, டாக்டர் உத்தரவுப்படி ஒரு சாப்பாடு, நான் யாருக்கும் கீழ்ப்படியாமல் இருந்ததில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்க என்றார் டாக்டர். என் நேரம் எங்கே என்னிடம் இருக்கிறது? ஏழு பீரியடு என்னுடையது, எட்டாவது பீரியடு மூச்சு விடலாம் என்று நாற்காலியில் சாயும்போது வராத டீச்சர் வகுப்புக்குப் போகச் சொல்லித் துண்டுச்சீட்டு வந்து நிற்கும். சாயங்காலம் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு, பாவம் டீச்சர்கள் வாடுகிறார்களே என்று தலைமையாசிரியை தன் கைக்காசைப் போட்டு வெங்காய பஜ்ஜி வாங்கி அனுப்புவார், அந்த நல்ல மனசுக்கு முன்னால் எந்த வைராக்கியம் நிற்கும்? வீட்டுக்குப் போகும் வழியில் மைதானத்தில் நடக்கலாம் என்று போனால் அங்கே ஒரு பிள்ளையின் அம்மா நடந்துகொண்டிருப்பாள், 'டீச்சர், எங்க பாப்பா படிக்கவே மாட்டேங்கா' என்று கையைப் பிடித்து நிறுத்துவாள், நின்றபடியே முக்கால் மணி நேரம் போகும். இப்படிப் போன நாள்களை எல்லாம் அந்த ஊதா மூடிக் குழாய் ஒன்று விடாமல் கூட்டி வைத்திருக்கிறது. வராத பிள்ளையின் கேள்வித்தாள் என் மேசைமேல் கிடக்கிறது. குனிந்து பார்க்கிறேன். 'பின்வரும் விவரங்களுக்குச் சராசரி காண்க' என்று இருக்கிறது. கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பதினோரு மணி அடித்துவிட்டது. வந்திருக்கும். இந்நேரம் அந்த எண் வந்திருக்கும். எனக்கு முன்னால் அது யாருக்கெல்லாம் தெரியும்? லேப் பெண்ணுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஊசி என்றால் பயமில்லை, எறும்பு கடிக்கிற மாதிரிதானாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். பயமாகத்தான் இருக்கிறது. என் அக்கா சங்கரம்மாள் ஊசியில்தான் ஆரம்பித்தாள். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னால் சாமான் ரூமுக்குள் போய்ச் சேலையை விலக்கி வயிற்றில் குத்திக்கொண்டு வந்து இலை முன்னால் உட்காருவாள், 'டிக்கெட் எடுத்துட்டேன்டி, இனி ஏறிக்கலாம்' என்று சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஊசி போட்டால் என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். இப்போது நான் போனால் வாசலில் நிற்கிறது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். போன மாதம் கண் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு இனிப்பை அடியோடு விட்டுவிட்டாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், நம் வீட்டிலேயே அது நடக்கும்போது பழமொழி சொல்ல நாக்கு எழுவதில்லை. எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் வேலை இருக்கிறது. விடைத்தாள் திருத்த வேண்டும், பிள்ளைகள் பெரிய வரைபடத்தில் ஆற்றை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், காவிரியைக் கொண்டுபோய் அரபிக்கடலில் கலக்கிற பிள்ளைகளைக் கையோடு பிடிக்க வேண்டும். கண் போனால் நான் யாரை மிரட்டுவது? நினைக்க நினைக்க வியர்க்கிறது. பங்குனி வெயில், மின்விசிறி வேறு சுற்றுவதற்கு யோசித்து யோசித்துச் சுற்றுகிறது. ஆனால் இது வெயில் வியர்வை மாதிரி இல்லையே. விரல் நடுங்குகிறது. கூடுதல் விடைத்தாள் கேட்டு ஒரு பிள்ளை எழுந்து நிற்கிறது, கொடுக்கப் போனால் தாள் படபடவென்று அடிக்கிறது. அட, இன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. லேபில் கூட்டம், அங்கிருந்து ஓடி வந்து எந்த அறை என்று குலுக்கல், போனை ஒப்படைக்கிற அவசரத்தில் பைக்குள் இருந்த மாத்திரையை மட்டும் வழக்கம் போல வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன், இட்லி டப்பாவும் பையும் அப்படியே ஆபீஸ் ரூமில் இருக்கின்றன. மாத்திரை தன் வேலையைப் பார்த்துவிட்டது. மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருந்த சுகர், இறங்க வேண்டாத நேரம் பார்த்து இறங்குகிறது.

முதல் வரிசையில் கதவோரத்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. ஹால் டிக்கெட்டில் மதுபாரதி என்று படித்த ஞாபகம், ஒல்லியான பிள்ளை, காதில் வேப்பங்குச்சி. மறுபடி குனிந்துகொண்டது. குனிந்தபடியே உதட்டை அசைக்காமல் பேசுகிறது, இந்த வித்தையை எல்லாம் எங்கேதான் படிக்கிறார்களோ. 'மிஸ், கை நடுங்குதா மிஸ்?' நான் பதில் சொல்லக் கூடாது, கண்காணிப்பாளர் தேர்வரோடு பேசக் கூடாது. 'எங்கப்பாக்கும் இப்படித்தான் வரும் மிஸ். இதை வாயில போடுங்க.' அளவுகோலின் அடியில் மறைத்து, மேசை விளிம்பு வரைக்கும் எதையோ தள்ளுகிறது. கண்ணாடித் தாளில் சுற்றிய ஒரு கடலைமிட்டாய். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய், இந்த நாலு நாளாகக் கடை இருக்கிற தெருப் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றிப் போய்த் தவிர்த்த கடலைமிட்டாய். இருபத்தாறு வருஷ சர்வீஸில் நான் பிடித்த பிட்டுகள் கொஞ்சமா? சாக்ஸுக்குள், ஜடைக்குள், ஜாமெட்ரி பாக்ஸின் கீழ்த்தட்டில், எங்கே வைத்தாலும் எடுப்பேன், செண்பகவல்லி மிஸ் கழுகு என்று பெயர். அந்தக் கழுகு இப்போது அக்கம்பக்கம் பார்த்து, முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் கையை வைத்து, மிட்டாயை எடுத்து, உரித்து வாயில் போட்டது. இவ்வளவு சுத்தமாக எந்தப் பிள்ளையும் என்னிடம் பிட் வாங்கியதில்லை. கடித்தால் சத்தம் வரும். அமைதியான அறையில் கடலைமிட்டாயைக் கடிப்பது போல ஆபத்து வேறு இல்லை. கன்னத்தில் ஒதுக்கிவைத்து ஊற விட்டேன். இனிப்பு. நாலு நாள் பாகற்காய்க்குப் பின்னால் வெல்லம் நாக்கில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடவுளே என்று இருந்தது. அப்போதுதான் வராந்தாவில் செருப்புச் சத்தம். பறக்கும் படை.

மூன்று பேர். முன்னால் வந்தவர் நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் யாரையாவது பிடிக்காமல் போவதில்லை என்கிற தீர்மானம். 'வணக்கம் டீச்சர். எத்தனை பேரு வரல?' நான் வாயைத் திறக்க முடியாது. ஒரு விரலைக் காட்டினேன். 'மொத்தம்?' கரும்பலகையைக் காட்டினேன், அங்கே எழுதித்தான் இருக்கிறது. 'பேச மாட்டீங்களா?' தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். 'தொண்டை கட்டிருச்சா? மிளகைத் தட்டிப் பால்ல போட்டுக் குடிங்க' என்றார், தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் வைத்தியம் சொல்லலாம். போய்விடுவார் என்று நினைத்தேன். மீசைக்காரர் குனிந்தார். மதுபாரதியின் மேசைக்கடியில் கிடந்த கண்ணாடித் தாளை எடுத்தார். என் கையிலிருந்து நழுவியிருக்கிறது, கழுகுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லையே. விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், முன்னும் பின்னும் திருப்புகிறார். 'என்ன பாப்பா இது? எந்திரி.' பிள்ளை எழுந்து நின்றது. 'யாரு கொடுத்தா? என்ன கை மாறிச்சு?' மதுபாரதிக்கு முகம் வெளிறிவிட்டது, ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'நான்தான் சார் மிட்டாய் சாப்பிட்டேன்' என்கிறது. 'வாயைத் திற.' திறந்தால் ஒன்றும் இருக்காது. கடவுளே, அந்த வாயில் வெல்ல வாசனை கூட இருக்காது, பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிப் பெஞ்சைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளைக்குப் பாதிக் கணக்கு பாக்கி இருக்கிறது, இனி எழுதக் கை ஓடுமா? நான் வாயைத் திறந்துவிட்டேன். 'அது என்னுது சார்.' சொல்லும்போதே இரண்டு கடலை தெறித்து அவர் பேனாப் பக்கம் போய் விழுந்தது. 'காலைல சாப்பிடாம மாத்திரையைப் போட்டுட்டேன், கிறுகிறுன்னு வந்துருச்சு, இந்தப் பிள்ளைதான் கொடுத்துச்சு, அது மேல ஒண்ணும் தப்பு இல்ல சார்.' பத்தொன்பது தலையும் நிமிர்ந்து என்னைப் பார்க்கின்றன. மீசைக்காரர் கடலையைத் தட்டிவிட்டார். என் நடுங்குகிற கையைப் பார்த்தார். தீர்மானம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. 'சுகரா டீச்சர்?' என்றார் மெதுவாக. ஆமாம் என்றேன். 'பாப்பா, நீ உக்காந்து எழுது' என்று சொல்லிவிட்டுத் தன் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு மூன்று சாக்லேட்டை எடுத்து என் கையில் வைத்தார். 'எனக்குப் பதினஞ்சு வருஷம். இது இல்லாம ரூமை விட்டு இறங்க மாட்டேன்.' அப்புறம் கொஞ்சம் குனிந்து, பரீட்சை முடிந்த வராந்தாவில் பிள்ளைகள் கேட்பது போலவே கேட்டார், 'மூணு மாசம் எவ்வளவு?' 'இன்னைக்குத்தான் சார் ரிசல்ட்டு. போன் ஆபீஸ்ல இருக்கு.' 'எனக்குப் போன தடவை ஒம்பது' என்றார். அவ்வளவு வாங்கியும் ஊரை விட்டு ஓடாமல் மனுஷன் பறக்கும் படையில் சுற்றிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

போகும்போது அவரே சொல்லி, மாற்று ஆளாக வராந்தாவில் இருந்த ஒரு டீச்சரை என் அறையில் நிறுத்திவிட்டு என்னைச் சாப்பிட அனுப்பினார். ஆபீஸ் ரூமில் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டேன். பீரோவுக்குள் என் எண் இருக்கிறது. முதன்மைக் கண்காணிப்பாளர் என் கண் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு, 'எது வேணும்னாலும் கேளுங்க டீச்சர், போனை மட்டும் கேக்காதீங்க' என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டேன். திரும்பி வந்த பின் நேரம் ஊர்ந்தது. மதுபாரதி வரைபடத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நன்றி சொல்லக் கூட விதி இடம் கொடுக்கவில்லை. நான் பேசாமல் நடந்தேன். நடந்தபடியே பேரம் பேசினேன், யாரிடம் என்று தெரியாது, சாமியிடமோ ஊதா மூடிக் குழாயிடமோ. இந்த ஒரு தடவை ஏழரைக்குள் போட்டுவிடு, இனி பால்கோவா தொடமாட்டேன், பஜ்ஜி தொடமாட்டேன், நாளையிலிருந்து ஒழுங்காக நடப்பேன். இந்த 'நாளையிலிருந்து' என்ற சொல்லை வைத்துத்தான் இத்தனை வருஷமும் என்னிடம் பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் ஏதாவது ஒன்று. கருணை மதிப்பெண் போல ஒரு புள்ளி. ரத்தத்துக்குக் கருணை மதிப்பெண் உண்டா?

மணி அடித்தது. விடைத்தாளை வாங்கி, அடுக்கி, சரிபார்த்து, ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, போனை வாங்கும்போது ஒன்றரை ஆகிவிட்டது. வராந்தா முழுக்கப் பிள்ளைகள், உனக்கு என்ன விடை வந்தது, எனக்கு மைனஸ் வந்ததே என்று ஒரே கூச்சல். தூணோரம் நின்று போனை உயிர்ப்பித்தேன். குட் மார்னிங் படங்கள் பூப்பூவாக வந்து விழுந்தன, பள்ளிக் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, அதற்கெல்லாம் கீழே லேப் அனுப்பிய கோப்பு. திறந்தேன். திரையைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன், ரிசல்ட் அன்றைக்குப் பிள்ளைகள் செய்வதை எல்லாம் அப்படியே செய்தேன். வெறும் வயிற்று சுகர் தொண்ணூற்று நாலு. வேலாயுதத்துக்கே இவ்வளவு நன்றாக வந்ததில்லை. விரலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். எட்டு புள்ளி ஆறு. நான் இன்னொரு தடவை பார்த்தேன். பெயரைப் பார்த்தேன், என் பெயர்தான், வயதும் சரி. எட்டு புள்ளி ஆறு. அருகில் கூட வரவில்லை. போன் அடித்தது. வீட்டுக்காரர். 'என்ன செண்பகம், ரிசல்ட் வந்துருச்சா?' நான் என்ன சொல்ல நினைத்தேனோ தெரியாது, வாயில் வந்தது இதுதான். 'ஒரு பாடத்துல போயிருச்சுங்க.' கிண்டல் பண்ணப் போகிறார், நாலு நாள் பாகற்காய் எங்கே போச்சு என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். 'சரி. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நீ எங்கயும் போகாம நேரா வீட்டுக்கு வா. நான் திட்ட மாட்டேன்.'

பெயிலான பிள்ளைகளின் அப்பாக்களிடம் இதைச் சொல்லுங்கள், இதை மட்டும் சொல்லுங்கள் என்று நான் எத்தனை மே மாதம் போன் போட்டுக் கெஞ்சியிருப்பேன். கேட்கிற பக்கம் நின்றால் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தூணைப் பிடித்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் வாய்விட்டு அழுதுவிட்டேன். கூச்சல் ஒரு நிமிஷம் அடங்கியது. என்னைத் தாண்டிப் போன ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையை இடித்துச் சொன்னது காதில் விழுந்தது:

'நான்தான் சொன்னேன்ல, பேப்பர் ரொம்பக் கஷ்டம்னு. பாரு, சூப்பர்வைசர் மிஸ்ஸே அழுறாங்க.'